நாய்ப் பூங்காவுக்குக் காசு: வாசலில் வாங்குவதா, லைசென்ஸோடு வாங்குவதா?

கன்னி_வீட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சென்னையில் எங்கள் பகுதியில் ஒரு ஓ.எஸ்.ஆர். நிலம் இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்து சதவீத இடத்தைப் பொதுவெளிக்கு விட வேண்டும் என்ற விதிப்படி மாநகராட்சி கைக்கு வந்தது. பாதியில் சிறுவர் பூங்கா. மீதிப் பாதி முழுக்கச் சீமைக்கருவேலம். அதைச் சுத்தம் செய்து, வேலி போட்டு, நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடும் இடமாக ஆக்கலாம் என்று குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு நிபந்தனை வந்தது. ஒப்பந்ததாரர் ஒருவர் எடுத்து நடத்துவாராம். ஒரு நாய்க்கு ஒரு தடவைக்கு 50 ரூபாய். மாதச் சந்தா 800. வாசலில் ஆள் உட்கார்ந்து சீட்டு கிழிப்பார்.

இதைத்தான் எதிர்க்கிறேன். பணமே தரமாட்டேன் என்று சொல்லவில்லை. வேலிக்கும் தண்ணீருக்கும் ஆள் கூலிக்கும் பணம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். வாசலில் சீட்டு கிழிக்கிற முறைதான் தப்பு என்கிறேன்.

என்னிடம் இருப்பது கன்னி நாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். அதைப் பெல்ட் கட்டி, பைக்குகளுக்கு நடுவே தெருமுனை வரை கூட்டிப்போய் வந்தால் அதற்கு எந்த மூலைக்கும் போதாது. ஓட வழியில்லாத வேட்டை நாய் என்ன செய்யும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். கதவு நிலையைக் கடிக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முன்னங்காலை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரைப் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வார். வீட்டு ஓனர் நாயை அனுப்பு, இல்லாவிட்டால் நீ கிளம்பு என்பார். அப்புறம் ஒரு ராத்திரி அதை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தெருநாய்ப் பிரச்சினை என்று நாம் பேசுவதில் ஒரு பங்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தினமும் 50 ரூபாய் கொடுக்க முடிந்தவருக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. காரில் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆர். பக்கம் ஏதாவது தனியார் இடத்துக்குப் போய்விடுவார். இந்த இடம் தேவைப்படுவது இரண்டு அறை வாடகை வீட்டில் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தெருவில் கிடைத்த நாட்டுக் குட்டியோ வைத்திருப்பவருக்கு. வாசலில் சீட்டு என்றால் அவர்தான் முதலில் நின்றுபோவார்.

உங்கள் ஊரில் எப்படி என்று சொல்லுங்கள். எதிர்க்கருத்தும் வேண்டும்.

ஆலந்தூர்_அப்பா

எதிர்க்கருத்து கேட்டீர்கள், சொல்கிறேன். நான் நாய் வளர்க்கவில்லை. வளர்க்கிறவர்கள் மேல் கோபமும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு முழுக்க நாய்க்கு என்ன வேண்டும் என்றே போகிறது.

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பக்கம் மாநகராட்சிப் பூங்காவில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். இருந்தது பூங்காவில், அவளுக்கு அதுதான் வீடு. அதற்கப்புறம் என் மகளைச் சறுக்கு மரத்தில் ஏற்றிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை, பக்கத்திலேயே நிற்கிறேன்.

நாய் வளர்ப்பது ஒருவருடைய விருப்பம். அந்த விருப்பத்துக்கு வேலி, தண்ணீர்த் தொட்டி, ஆள், விளக்கு எல்லாம் என் சொத்து வரியிலிருந்து எதற்குப் போக வேண்டும்? எங்கள் தெருவில் இன்னும் மழைநீர் வடிகால் மூடி உடைந்து கிடக்கிறது. பயன்படுத்துகிறவர் கொடுக்கட்டும். 50 அதிகம் என்றால் 20 வாங்கட்டும். இலவசம் என்று ஆரம்பித்தால் ஒரு வருஷத்தில் வேலி பிய்ந்து, அந்த நாய்கள் சிறுவர் பூங்காப் பக்கம் வந்து நிற்கும். காசு கொடுத்தால்தான் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

தாம்பரம்_டைகர்

கதீட்ரல் சாலை கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குப் பெரியவருக்கு 100 ரூபாய் வாங்குகிறார்கள். செம்மொழிப் பூங்காவுக்கும் கட்டணம் உண்டு. மனுஷனுக்கே டிக்கெட் இருக்கும்போது நாய்க்கு வாங்கினால் என்ன?

கன்னி_வீட்டுக்காரன்

டைகர், அவை ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற இடங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, குழந்தைகள் லீவில் போவோம். நாயைத் தினம் இரண்டு வேளை வெளியே கூட்டிப்போக வேண்டும். தினசரித் தேவைக்கு டிக்கெட் போட்டால் கணக்கே வேறு.

ஒப்பிட வேண்டும் என்றால் கால்பந்துத் திடலோடு ஒப்பிடுங்கள். 2024 அக்டோபரில் மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் உடனே திரும்பப் பெற்றார்கள், விளையாட்டு இலவசம் என்றார்கள். அன்றைக்கு நாம் எல்லோரும் என்ன சொன்னோம்? வியாசர்பாடிப் பையன் மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவான் என்று கேட்டோம். அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

அப்பா சாருக்கு: குழந்தைகள் பக்கத்துக்கு நாய் வரக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலி போட்ட தனி இடம் கேட்பதே அதற்குத்தான். இப்போது நாயை எங்கே அவிழ்த்துவிடுகிறார்கள் என்று விடியற்காலையில் போய்ப் பாருங்கள். காலி மனை, ஏரிக்கரை, பள்ளி மைதானம். ஒன்றுக்கும் வேலி கிடையாது.

ஆலந்தூர்_அப்பா

கால்பந்தோடு ஒப்பிடுவதை ஏற்க முடியாது. அங்கே ஓடுவது பிள்ளைகள். அந்தத் தீர்மானத்தை நானும்தான் எதிர்த்தேன். நாயைப் பிள்ளைக்குச் சமமாக வைத்துப் பேசினால் என்னைப் போன்றவர்கள் உங்கள் பக்கம் வரவே மாட்டோம்.

வேப்பேரி_மருந்துச்சீட்டு

கால்நடை மருத்துவராக வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பத்து முப்பது நாய்கள் ஒரே மண்ணில் புரளும் இடத்துக்கு வாசலில் முதலில் வேண்டியது தடுப்பூசிச் சான்று பார்க்கிற ஆள். காசு அப்புறம்தான். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ரத்தப்பேதியோடு ஒரு குட்டி வந்து போனால், பல வாரம் கழித்து அதே இடத்தில் மோந்து பார்க்கிற வேறு குட்டிக்கும் வரலாம். பினாயில் ஊற்றிக் கழுவினால் போகாது, ப்ளீச்சிங் மாதிரி வேண்டும், அதைப் புல்தரையில் தெளிக்கவும் முடியாது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கினால் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும். அது நாயோடு நிற்காது, மனிதருக்கும் வரும். கொக்கிப்புழு இருக்கிற கழிவை அள்ளாமல் விட்டால் அந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிற குழந்தையின் தோல் வழியாகப் புழு நுழையும். உண்ணிக் காய்ச்சலைச் சொல்லவே வேண்டாம், வருகிற நாய்களில் அதைப் பார்க்காத நாள் கிடையாது.

இதை ஏன் கட்டணப் பேச்சில் சொல்கிறேன் என்றால், சீட்டு எண்ணிக்கையில் வருமானம் பார்க்கிற ஒப்பந்ததாரர் எந்த நாயையும் திருப்பி அனுப்ப மாட்டார். உண்ணி மொய்த்த நாய் வந்தாலும் 50 ரூபாய், சினைப்பருவத்தில் இருக்கிற பெட்டை வந்தாலும் 50 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் 'சான்று எங்கே?' என்று கேட்டு யாரையாவது அனுப்பினால் அவருக்கு நஷ்டம். வாசல் ஆளின் கூலி எத்தனை நாய் வந்தது என்பதைப் பொறுத்து இருக்கவே கூடாது. மருத்துவ ரீதியாக எனக்கு இதுதான் முக்கியம்.

வருஷத்துக்கு ஒரு தடவை வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றைக் காட்டி, நாயின் தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்டு, மாநகராட்சி உரிமம் வாங்குகிற முறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டணம் 50 ரூபாய்தான். எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். வாசலில் அந்த உரிமத்தைப் பார்த்து, சிப்பைக் கருவியில் சரிபார்த்து உள்ளே விட்டால் போதும். தடுப்பூசியும் பார்த்தாயிற்று, யார் நாய் என்பதும் தெரிந்தாயிற்று, கடித்தால் யாரைப் பிடிப்பது என்பதும் தெரியும்.

சிராங்கூன்_செல்வி

டாக்டர் சொன்ன மாதிரிதான் எங்களுக்கு. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் பல பூங்காக்களில் வேலி போட்ட நாய் ஓட்ட இடங்கள் வைத்திருக்கிறது. பீஷான்–அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, காத்தோங் பூங்கா எல்லாவற்றிலும் உண்டு. உள்ளே போகக் காசு இல்லை. ஆனால் நாய்க்கு உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு வருஷத்துக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90 வெள்ளி. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகும்.

15க்கும் 90க்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கருத்தடை செய்யாமல் வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசமே தினம் நினைவூட்டும். உரிமம் கொடுப்பதும் அந்தக் கழகத்தின் கீழ் இருக்கிற விலங்கு நலப் பிரிவுதான், பூங்காவைப் பார்த்துக்கொள்வதும் அந்தக் கழகம்தான். அதனால் அண்ணன் பயப்படுகிற மாதிரி இடையில் ஒப்பந்ததாரர் சீட்டோடு வந்து உட்கார மாட்டார்.

இன்னொன்று. இங்கே வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒரே ஒரு நாய், அதுவும் அனுமதித்த சிறு இனம்தான். தெருவில் பிறந்த கலப்பு நாய்களைத் தத்தெடுக்கத் தனித் திட்டம் உண்டு, அதற்கு உயரம், எடை எல்லாம் பார்ப்பார்கள். அடுக்குமாடியில் இருக்கிற நாய்க்கு இந்த ஓட்ட இடம்தான் எல்லாம். ஆறு மணிக்கு மேல் பீஷானில் போய்ப் பாருங்கள். இரண்டு கதவு: முதல் கதவைச் சாத்தி, பெல்ட்டை அவிழ்த்து, அப்புறம் இரண்டாவதைத் திறக்க வேண்டும். புதிதாக வருகிறவர் இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் அங்கே இருக்கிற பாட்டிகளே சத்தம் போட்டுச் சாத்த வைப்பார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த இரட்டைக் கதவை மறக்காதீர்கள்.

கொண்டாப்பூர்_கோபி

ஹைதராபாத்தில் 2018இல் மாநகராட்சியே கட்டிய நாய்ப் பூங்கா எங்கள் பக்கம்தான். முன்பு குப்பை கொட்டின இடம், 1.3 ஏக்கர், ஒரு கோடிக்கு மேல் செலவழித்துச் செய்தார்கள். தடை தாண்டும் பயிற்சிப் பொருட்கள், தண்ணீர்க் குட்டை, மருத்துவர் அறை எல்லாம் உண்டு. உள்ளே போகச் சிறு கட்டணம் வைத்தார்கள். குப்பை மேடு பூங்காவானதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாநகராட்சி நினைத்தால் செய்ய முடியும். அதோடு, நீங்கள் விரும்புகிற மாதிரி செய்தாலும் ஊருக்கு ஒன்று போதாது. ஊர் முழுக்க இருந்து கார்கள் வரும், பக்கத்துத் தெருக்காரர் பார்க்கிங் சண்டை போடுவார். சிறிதாக இருந்தாலும் வார்டுக்கு ஒன்று கேளுங்கள்.

அல்சூர்_ஆறுமுகம்

பெங்களூரு கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று தனிப் பகுதி உண்டு, காசு கிடையாது. ஞாயிறு காலையில் நாய்க்காரர்கள் கூட்டமாக வருவார்கள். 2022 ஜூலை முதல் பூங்காவில் நாய்களுக்குத் தடை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. காரணம் பணம் இல்லை. பெல்ட் இல்லாமல் பூங்கா முழுக்க அவிழ்த்துவிடுகிறார்கள், கழிவை அள்ளாமல் போகிறார்கள் என்று மற்றவர்கள் கொடுத்த புகார்கள். நாய் வளர்ப்பவர்கள் திரண்டு போராடித் தடையை நிறுத்தினார்கள்.

அந்தப் போராட்டத்தில் நானும் இருந்தேன், நல்லது நடந்தது. ஆனால் இன்றைக்கும் கையில் பை இல்லாமல் வருகிறவரைப் பார்க்கிறேன். இந்த மாதிரி இடத்தை நம்மிடமிருந்து பறிப்பது நம் ஆட்களே. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அள்ளாதவன் அள்ள மாட்டான். 50 ரூபாய் கொடுத்துவிட்டேனே, அதற்குத்தானே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் தைரியமாகப் போவான்.

புளியந்தோப்பு_பொன்னி

ஆறுமுகம் அண்ணன் கடைசியில் சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

என் அம்மா தூய்மைப் பணியாளர். தள்ளுவண்டியோடு தெருவுக்குப் போகிறவர். வாக்கிங் கூட்டிவந்த நாய் நடைபாதையில் வெளிக்கு இருந்துவிட்டால், பெல்ட்டைப் பிடித்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாய் முடித்ததும் போய்விடுவார். அம்மா தகடு வைத்து வழித்து எடுப்பார். மழை பெய்து கரைந்திருந்தால் தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பார். அவர் செருப்பில், சேலை ஓரத்தில் எல்லாம் படும். வீட்டுக்கு வந்து முதலில் பின்கட்டில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்தத் தெருவில் அள்ளப் பை எடுத்துவருகிறவர் ஒருத்தர் உண்டு. வயசான தாத்தா, பொமரேனியன் வைத்திருப்பார். அம்மா அவரை மட்டும் பெயர் சொல்லிப் பேசுவார்.

இந்த இழையில் எல்லோரும் 'ஆள் கூலி' என்று ஒரு வார்த்தையில் கடந்துபோகிறீர்கள். யார் அந்த ஆள்? யார் வேலைக்கு எடுப்பது? 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு வாரம் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது எதற்கு? தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது என்பதற்குத்தானே. நாய்ப் பூங்காவுக்கும் ஒப்பந்ததாரர் என்றால் அதே கதைதான். கட்டணம் வாங்குங்கள், வாங்காமல் போங்கள். ஆனால் நாயின் கழிவை நாயைக் கூட்டிவந்தவரே எடுக்க வேண்டும். அங்கே வேலைக்கு வருகிறவர் வேலி பார்க்கவும், தண்ணீர் மாற்றவும், உரிமம் பார்க்கவும் மட்டும்தான் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கன்னி_வீட்டுக்காரன்

பொன்னி சொன்னது மனுவில் முதல் பத்தியாகப் போகும்.

பெர்லின்_பாலா

ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் நாய் வரி உண்டு. பெர்லினில் முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 180. கிரூனவால்ட் காட்டில் பெரிய பகுதியில் நாயை அவிழ்த்துவிடலாம், வாசலில் காசு கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வரி நாய்களுக்கென்று போவதில்லை, நகரத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். இவ்வளவு கட்டுகிறோமே, கழிவுப் பை கூட இல்லையே என்று புலம்புகிற ஜெர்மன்காரர் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார். உரிமக் கட்டணத்தை உயர்த்துவது சுலபம். உயர்த்தின பணம் அந்த வேலிக்குத்தான் வரும் என்று கட்டிப்போடுவதுதான் கஷ்டம்.

பிரிட்டனில் நேர் எதிராக நடந்தது. நாய் உரிமக் கட்டணம் கடைசிவரை 37 பென்ஸாகவே கிடந்தது. 1987இல் உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். வடஅயர்லாந்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. நம் 50 ரூபாயும் அந்த வகைதான். அந்தத் தொகையில் எதையும் நடத்த முடியாது.

மினியாபொலிஸ்_மீனா

இங்கே இடைப்பட்ட முறை. வருஷத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு, காசு உண்டு, நகரத்தில் குடியிருப்பவருக்கு ஒரு தொகை, வெளியூர்க்காரருக்குக் கூடுதல். அதை வாங்க முதலில் நாய் உரிமம் வேண்டும், அதற்குத் தடுப்பூசி வேண்டும். சியாட்டிலில் இருக்கிற தங்கை ஊரில் உரிமம் இருந்தால் போதும், தனிக் காசு இல்லை. அமெரிக்காவில் முதல் நாய்ப் பூங்கா என்று சொல்லப்படுவது பெர்க்லியில் 1979இல் வந்தது. ரயில் பாதையைப் பூமிக்கடியில் கொண்டுபோனபோது மேலே காலியான நிலத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து உண்டாக்கினார்கள். உங்கள் சீமைக்கருவேல நிலத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆலந்தூர்_அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். டாக்டர் சொன்னது எனக்குப் புரிகிறது. வாசலில் சான்று பார்க்கிறவர் வேறு, காசு பார்க்கிறவர் வேறு. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைசென்ஸில் வாங்கலாம் என்கிறவர்கள் எனக்குக் கணக்கு சொல்லுங்கள். எத்தனை நாய், எவ்வளவு ரூபாய், யாருக்குச் சம்பளம்? கணக்கு இல்லாமல் கொள்கை பேசினால் கடைசியில் என் வரிக்குத்தான் வரும்.

கன்னி_வீட்டுக்காரன்

நியாயமான கேள்வி. ஒரு வார்டில் உரிமம் எடுத்த நாய்கள் 400 என்று வைத்துக்கொள்வோம். 50 ரூபாயை 500 ஆக்கினால் வருஷம் 2 லட்சம். ஒரு ஆளுக்கு மாதம் 12,000 என்றால் வருஷத்துக்கு 1,44,000. மிச்சம் 56,000. அதில் தண்ணீர், வேலிச் சில்லறைச் செலவு, கழிவுத் தொட்டி. முதலில் வேலி போடுகிற செலவு இதில் வராது. அதை மாநகராட்சி பூங்கா நிதியிலிருந்துதான் போட வேண்டும், சிறுவர் பூங்காவுக்குப் போட்ட மாதிரி. இதை மறைக்க விரும்பவில்லை.

வருஷத்துக்கு 500 என்பது அந்த ஒப்பந்ததாரர் சீட்டில் பத்து நாள் காசு. இரண்டு அறை வீட்டுக்காரரும் ஒரே தடவையாகக் கட்டிவிடுவார். பூங்காவுக்கு வராத நாய்க்காரரும் கட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டட்டும். அவர் நாயும் தெருவில்தான் நடக்கிறது.

புளியந்தோப்பு_பொன்னி

12,000க்கு யார் வருவார்? வாரம் ஏழு நாள், விடிகாலையும் சாயங்காலமும். 15,000 போட்டுக் கணக்கு பாருங்கள்.

கன்னி_வீட்டுக்காரன்

15,000 என்றால் வருஷத்துக்கு 1,80,000. கட்டணத்தை 600 ஆக வைத்தால் 400 நாய்க்கு 2,40,000. மிச்சம் 60,000. 600 என்றே வைப்போம். வார விடுமுறைக்கு மாற்று ஆள் செலவும் அந்த மிச்சத்திலிருந்துதான்.

திருவான்மியூர்_தெருநாய்த்தோழி

ஒரே ஒரு வேண்டுகோள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிறவர்களுக்கு இந்த 600ஐப் போடாதீர்கள். செல்வி அக்கா சொன்ன மாதிரி இரண்டு விலை வைக்கலாம். கருத்தடை செய்த நாட்டு நாய்க்குப் பழைய 50 ரூபாயே இருக்கட்டும். கருத்தடை செய்யாத, கடையில் முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கின நாய்க்கு 1,000 கூட வைக்கலாம். குட்டி போட்டு விற்கிறவர்கள்தான் பாதி நாய்களைத் தெருவுக்கு அனுப்புகிறார்கள். கருத்தடைக்குப் பணமில்லை என்பவர்களை வேப்பேரிக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம், அங்கே தனியாரைவிடச் செலவு ரொம்பக் குறைவு.

வேப்பேரி_மருந்துச்சீட்டு

இதை முழுக்க ஆதரிக்கிறேன். இன்னொரு விஷயம், திறக்கும் நேரம். சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் அந்தத் தரையில் நாயை ஓடவிட்டால் வெப்பத்தாக்கு வரும். பக் மாதிரி தட்டை மூக்கு நாய்கள் அதில் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். காலை ஐந்தரை முதல் எட்டு, சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது. அந்த நேரத்துக்கு மட்டும் ஆள் இருந்தால் போதும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் மூடிவிட வேண்டும், யார் கேட்டாலும். நிழலுக்கு வேம்போ புங்கமோ இப்போதே நட்டுவிடுங்கள்.

தாம்பரம்_டைகர்

நான் இன்னும் வாசல் காசு பக்கம்தான். உரிமமே எடுக்காத ஆயிரம் பேர் இருக்கும்போது எடுத்தவன் தலையில் மட்டும் 600 ஏற்றினால் எடுக்கிறவனும் நிறுத்திவிடுவான். 5,000 அபராதம் என்று காகிதத்தில் இருக்கிறது, எங்கள் தெருவில் யாரும் கட்டினதாகத் தெரியவில்லை.

கன்னி_வீட்டுக்காரன்

டைகர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இன்றைக்கு உரிமம் எடுத்தவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது? ஒரு சான்றிதழ், அபராதம் வராது என்கிற நிம்மதி. அவ்வளவுதான். நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிட ஒரு இடம் கிடைக்கும் என்றால் ஆட்கள் தாங்களாகவே வரிசையில் நிற்பார்கள். என் தெருவிலேயே நாலு வீட்டுக்காரர்கள், பூங்கா வந்தால் சிப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னார்கள். எனக்கு அந்த நாலு பேர்தான் முக்கியம். அபராதத்துக்குப் பயந்து வராதவர் இடத்துக்காக வருவார்.

மனுவை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள். வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் போகும், பகுதி மக்கள் கூடுகிற ஏரியா சபையிலும் வாசிப்பேன்:

"மேற்படி நிலத்தில் நாய்களுக்கான வேலியிட்ட பகுதியை மாநகராட்சியே நேரடியாக அமைத்து நடத்த வேண்டும். வரும் நாயின் கழிவை அதை அழைத்து வருபவரே அகற்ற வேண்டும். பணியாளரை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. நுழைவுக் கட்டணம் எதுவும் வேண்டாம். செல்லுபடியாகும் உரிமமும் மைக்ரோசிப்பும் உள்ள நாய்களை மட்டும் அனுமதிக்க வேண்டும். ஆண்டு உரிமக் கட்டணத்தை 600 ரூபாயாகவும், கருத்தடை செய்யாத நாய்களுக்கு 1,000 ரூபாயாகவும், கருத்தடை செய்த நாட்டு நாய்களுக்கு 50 ரூபாயாகவும் வைக்கலாம். இந்தத் தொகையை வார்டு வாரியாகத் தனிக் கணக்கில் வைத்து, வரவு செலவை ஆண்டுக்கொரு முறை ஏரியா சபையில் வாசிக்க வேண்டும். இரட்டைக் கதவும், சிறுவர் பூங்காவுக்கு இடையில் சுவரும் கட்டாயம்."

பெர்லின்_பாலா

தனிக் கணக்கு என்ற வரியை யார் கேட்டாலும் எடுத்துவிடாதீர்கள்.

ஆலந்தூர்_அப்பா

சுவர் எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். ஆறடி. அப்புறம், நாய்ப் பகுதிக்கு வாசல் பின் தெருப் பக்கம் இருக்க வேண்டும். சிறுவர் பூங்கா வாசல் வழியாக ஒரு நாயும் போகக் கூடாது. நாட்டு நாய்க்கு 50 என்று சலுகை கொடுத்தால் உங்கள் 2,40,000 குறையும், அதற்கும் கணக்கு சேர்த்துக் கொண்டுவாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் சபைக்கு வருகிறேன். எதிர்த்துப் பேச மாட்டேன், ஆனால் கையெழுத்து கணக்கைப் பார்த்த பிறகுதான்.

கன்னி_வீட்டுக்காரன்

ஆறடி, பின் தெரு வாசல் இரண்டையும் சேர்த்துவிட்டேன். சலுகைக் கணக்குக்கு எங்கள் வார்டில் உரிமம் எடுத்த நாய்களில் நாட்டு நாய் எத்தனை என்று தெரிய வேண்டும். நாளைக்கு மண்டல அலுவலகத்தில் கேட்கிறேன். கொடுக்காவிட்டால் ஆர்.டி.ஐ. போடுகிறேன். தெருநாய்த்தோழி, உங்கள் பகுதிக் கணக்கையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கவா?

திருவான்மியூர்_தெருநாய்த்தோழி

கேளுங்கள். கருத்தடை செய்தது, செய்யாதது என்று பிரித்துக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் தருவார்கள்.